நின்ற வண்டி குடித்த பெட்ரோல்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பதாக அம்மா சொல்கிறாள், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. நீ விடுதிக்குப் போன மாதத்திலிருந்து, அம்மா வேலைக்கு எடுத்துப் போகும் நம் வண்டியின் மைலேஜ் படுத்துவிட்டது. லிட்டருக்குப் பதினான்கு கொடுத்தது பத்துக்குக் கீழே வந்துவிட்டது. டயர் காற்று சரி. ஏர் ஃபில்டரை மாற்றினேன், மேலே சும்மா கிடந்த கேரியரைக் கழற்றினேன், ஜாக்கி போட்டு நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தேன், பிரேக் எங்கும் பிடிக்கவில்லை. வண்டியில் கோளாறு இல்லை என்றால் ஆளில்தான் கோளாறு. ஞாயிறுதோறும் வண்டியை வாங்கிப் போவது உன் மாமா. டேங்குக்குள் குழாய் விடுகிறாயா என்று நேராகவே கேட்டுவிட்டேன். உறிஞ்சறதுக்கு நான் என்ன கொசுவா மச்சான் என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன், அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லை. அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, தம்பிக்கு உடந்தையோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

பிறகு எஞ்சின் ஓடுவதைப் பதிவு செய்யும் ஸ்கேனரை என் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்து டாஷ்போர்டுக்கு அடியில் மாட்டி ஒரு வாரம் விட்டேன். தினமும் மாலை ஆறேகாலுக்கு வண்டி நிற்கிறது, எஞ்சின் மட்டும் ஏழு மணி வரை ஓடுகிறது. வேகம் பூஜ்யம், ஏசி ஓடுகிறது. புதன்கிழமை படிக்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். கட்டடத்துக்குப் பின்னால் வண்டிக்குள் அம்மா, ஸ்டியரிங்கில் சாய்த்த போனில் உன் முகம். முதலில் சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்தாள். மேலே வந்து, ஒரே டிராஃபிக் என்றாள்.

என்னிடம் நீ பேசுவது ஒரு நிமிடம். சாப்பிட்டேன், படிக்கிறேன், வைக்கட்டுமாப்பா. அவளிடம் முக்கால் மணி நேரம் அப்படி என்ன? பேப்பர் ஏதாவது போய்விட்டதா, உடம்புக்கா, படிப்பே பிடிக்கவில்லையா, யாரையாவது பிடித்துவிட்டதா? போன வருஷம் ஒரு பாடத்தில் நீ தவறியபோது எங்கே சறுக்கினாய் என்று ஒரு மணி நேரம் வரைபடம் போட்டு விளக்கினேன், நீ தலையை நிமிர்த்தவே இல்லை. அதனால்தானோ என்று இப்போது என்மேலேயே சந்தேகம்.

நேற்று மாமா வீட்டுக்குப் போய்த் தப்பு என்னுடையது என்றேன். திருடன் கிடைச்சானா மச்சான் என்றான். கிடைத்தாச்சு, யாரென்று சொல்லமாட்டேன் என்றேன்.

நாளையிலிருந்து ஆறு மணிக்கு நான் நடக்கக் கிளம்பிவிடுவேன், ஏழரைக்குத்தான் திரும்புவேன். அம்மா வீட்டுக்குள் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து பேசட்டும், எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. மறக்காமல் இந்த ஞாயிறு என்னைத் தனியாகக் கூப்பிடு. விஷயம் எதுவாக இருந்தாலும் நீ முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டேன்.

உன் அப்பா