சிவப்புத் துண்டு

கிழக்குத் தாம்பரம்,
மார்ச் 28.

அன்பு மகள் துர்காவுக்கு, உன் சித்தப்பா சம்பந்தம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான், உன் சித்தி, உன் அம்மா, என் பிள்ளை பிரேம், பரணி எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லை, ஏனென்றால் நீ ஒரு வாரமாகப் போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் டிக் விழுகிறது, நீலம் ஆகமாட்டேன் என்கிறது. சரி, எடுக்காவிட்டால் போ, காகிதத்துக்கு என்ன பஞ்சம் என்று நேராகப் போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். அமெரிக்காவுக்குக் கடிதமா என்று கவுண்டரில் இருந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டார், பின்னால் வரிசையில் நின்றவர்களெல்லாம் எனக்கு வழி விட்டார்கள். நான் எட்டாம் வகுப்பு என்று நீ சிரிப்பாய். ஆனால் செங்கல்பட்டு வரைக்கும் கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லா ஃப்ளெக்ஸ் பேனருக்கும் வாசகம் எழுதிக் கொடுக்கிறவன் நான்தான், அதை மறந்துவிடாதே. போனை நீ கட் பண்ணலாம், கடிதத்தை யாராலும் பாதியில் கட் பண்ண முடியாது.

முதலில் உன் போட்டோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டவுன் சிண்ட்ரோம் தினத்துக்கு உன் ஆபீசில் எல்லோரும் காலுக்கு ஒரு கலரில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு வரிசையாகக் காலை நீட்டி எடுத்த படத்தை பிரேம் எனக்குக் காட்டினான். ஒரு காலில் மஞ்சள், ஒரு காலில் நீலம், கீழே இந்தக் குழந்தைகளைக் கொண்டாடுவோம் என்று இங்கிலீஷில் நீ எழுதி இருந்தாயாம். உன் சித்திக்கு விஷயம் புரியவில்லை, பாவம் அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது என்றாள். நான் விளக்கிச் சொன்னதும் அவள் பரணியின் துணியை மடிக்க எழுந்து போய்விட்டாள். அம்மாடி, ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்காகக் காலுக்கு ஒரு சாக்ஸ் போட்டவளே, அதே பிள்ளை ஒன்று உன் வீட்டிலும் இருக்கிறான் என்று அந்த ஆபீசில் ஒருத்தருக்காவது தெரியுமா?

உன் தம்பி செய்ததைச் சொல்கிறேன், காதைத் தீட்டிக்கொள். தை மாதம் அவனும் அவனை மாதிரியே இருக்கிற இன்னும் நாலு பேரும் கானத்தூர் குப்பத்திலிருந்து கோவளம் வரைக்கும் கடலில் ஆளுக்கு ஒரு பங்காக நீந்தினார்கள். குளத்தில் இல்லை, கடலில். குழந்தையில் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் பண்ணினார்களே, பத்து வயது தாண்டமாட்டான் என்று உன் அப்பாவிடம் ஒரு டாக்டர் சொன்னாரே, அந்தப் பரணி. ஆறு மாதமாக விடிவதற்கு முன்னே நானும் பிரேமும் மாற்றி மாற்றி வண்டியில் கூட்டிப் போனோம், ஜூன் மாதத்திலேயே அவன் சாகசத்துக்கு நான் டிசைன் போட்டு வைத்துவிட்டேன். பேனரில் இருபது கிலோமீட்டர் என்று போட்டிருந்தேன். அவன் கோச் ரோஹிணி மேடம் வந்து பார்த்துவிட்டு, சார், மொத்தமே ஆறு கிலோமீட்டர்தான், இருபது போட்டால் குழந்தைகள் இலங்கைக்குப் போயிருப்பார்கள் என்று சொன்னதால் மேலே ஸ்டிக்கர் ஒட்டினேன். ஆனால் அலையையும் சேர்த்துக் கணக்குப் பண்ணினால் இருபதுக்குக் குறையாது, இதை நான் இன்றைக்கும் சொல்வேன்.

அந்த மேடம் இவர்களுக்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். கையில் ஒரு சிவப்புத் துண்டு. அதை அவர் தலைக்கு மேலே அசைத்தால்தான் நீச்சலை நிறுத்த வேண்டும், அதுவரைக்கும் யார் என்ன சொன்னாலும் நிறுத்தக் கூடாது. கடைசிப் பங்கு உன் தம்பிக்கு. அவனுக்கு முன்னால் நீந்திய பிளஸ்ஸி என்கிற பெண் படகில் ஏறி, முடித்த சந்தோஷத்தில் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டது. மேடம் அந்தத் துண்டாலேயே அவளைப் போர்த்திக் கட்டிக்கொண்டு தானும் அழுதார். இதற்குள் கோவளம் வந்துவிட்டது. கரையில் மேளம், பட்டாசு, நான் ஏற்பாடு பண்ணிய ஆள் உயர மாலை. இவனோ கரைப் பக்கம் திரும்பாமல் நேராகத் தெற்கே போய்க்கொண்டே இருக்கிறான். ஃபைபர் படகு ஓட்டிய கோவளத்து மாணிக்கவேல் கத்துகிறார், "யப்பா தம்பி, கோவளம் வந்துகிச்சு, நில்லு. இன்னா, மாமல்லபுரத்துக்கா போய்கினு கீற?" பரணி தலையைத் தூக்கி, "மேடம் சொல்லணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி கையை வீசிப் போட்டான். நான் கத்தினேன், உன் அம்மா கத்தினாள், பிரேம் பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கிவிட்டான். மேடம் படகில் எழுந்து நின்று பிளஸ்ஸி மேலிருந்த துண்டை உருவி அசைத்த பிறகுதான் கரைக்குத் திரும்பினான். கரைக்கு வந்ததும் லேட்டாயிடுச்சா சித்தப்பா என்று கேட்டான். ஒருத்தர் ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அதே ஆள் வந்து போதும் என்று சொல்கிறவரைக்கும் பரணி விடமாட்டான். இது உனக்குத் தெரியாத விஷயமா?

அதற்குத்தான் போன வெள்ளிக்கிழமை பாராட்டு விழா வைத்தார்கள். சேலையூரில், உன் கல்யாணம் நடந்த அதே மண்டபத்தில். பிள்ளைகளின் அப்பா அம்மாமார்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம், கூட்டம் ஐயாயிரம் பேர் இருக்கும், ஐந்நூறு நாற்காலிதான் போட்டிருந்தார்கள் என்று பிரேம் சொல்வான், அவன் நின்றவர்களை எண்ணமாட்டான். சிறப்பு விருந்தினர் உன் மாமனார். ஆமாம், காட்டாங்குளத்தூரிலிருந்து உன் மாமனாரேதான். காலேஜில் விளையாட்டுத் துறையைக் கட்டி ஆண்டு ரிட்டயர் ஆனவர் இல்லையா, அவருக்கும் நமக்கும் சம்பந்தம் என்று தெரியாமல் சங்கத்துக்காரர்களே போய் அழைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னாடியே தெரியும், அவர் போட்டோவைப் பேனரில் போட்டவனே நான்தான், முகத்தில் இரண்டு சுருக்கத்தை எடுத்து பத்து வயது குறைத்துக் கொடுத்தேன். உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அமெரிக்காவில் இருந்துகொண்டே உன் தம்பிக்கு வயிற்றுப்போக்கு வரவழைத்து வீட்டிலேயே படுக்க வைத்திருப்பாய்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் உன் தம்பி என்ன செய்தான் தெரியுமா. புது கோட், கழுத்தில் டை, மேடைக்கு நேரே அவன் பேர் ஒட்டின நாற்காலி. அவன் அதைத் தாண்டி நேராகப் பந்தி நடக்கிற கூடத்துக்குப் போய்த் தண்ணீர் ஜக்கைத் தேட ஆரம்பித்துவிட்டான். அந்த மண்டபம் என்றால் அவனுக்கு அதுதான் வேலை. உன் கல்யாணத்தில் பிரேம் மைத்துனனாக நின்று மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டான், அந்த மோதிரத்தைப் பற்றி மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் இன்னும் பேசுகிறது, நான் எடுத்தது. சொந்தத் தம்பி அந்த நேரத்தில் இலை இலையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். உன் அம்மா போய் அவன் கையில் இருந்த ஜக்கை வாங்கிக் கீழே வைத்து, இன்னிக்கு வேணாம்ப்பா, இன்னிக்கு நீ உட்காரணும் என்று கூட்டி வந்தாள்.

உன் மாமனார் பதக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறார். மைக் பிடித்த பெண், இருபத்து நாலு வயது ஆம்பளையைக் குட்டி குட்டி என்று கூப்பிட்டு, குட்டி, உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க சொல்லுங்க பார்க்கலாம் என்றாள். அம்மா, சித்தப்பா, சித்தி, பிரேம் அண்ணன் என்று விரலை மடக்கினான். அக்கா, தங்கச்சி இல்லையா என்றாள். அவன் உன் மாமனாரை ஒரு பார்வை பார்த்தான். மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று கண்டுகொண்டான். கோட்டை இழுத்து விட்டுக்கொண்டான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நீ மொட்டை மாடியில் மைசூர்பாகு டப்பாவோடு அவனை உட்காரவைத்து, அவங்க வீட்டு ஆள் யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்லணும் என்று ஒப்பிக்க வைத்தாயே, சரியாகச் சொன்னால் ஒரு துண்டு, தப்பினால் இல்லை என்று. அன்றைக்கு அவனுக்கு அது வாயில் வரப் பொழுது சாய்ந்துவிட்டது. இப்போது ஒரு எழுத்து பிசகாமல், மைக்கில், மண்டபமே கேட்கிற மாதிரி சொன்னான்.

"எனக்கு அக்கா இல்ல. துர்கா அக்கா பக்கத்து வீடு."

சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்ற உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "கரெக்டாம்மா?" என்று கேட்டான்.

உன் அம்மா அவன் டையைச் சரி பண்ணினாள். "கரெக்ட்டுப்பா" என்றாள். அதுவும் மைக்கில் விழுந்தது. கூட்டம் கை தட்டியது, அவர்களுக்கு என்ன தெரியும்.

உன் மாமனார் பதக்கத்தை மாட்டிவிட்டுக் கீழே இறங்கினார், சாப்பிடவில்லை. கை கழுவுகிற இடத்தில் என்னைப் பிடித்தார். அந்தத் துர்கா என் மருமகதானே என்றார். ஆமாங்க என்றேன். கல்யாணத்தில் என் இலைக்குத் தண்ணீர் ஊற்றினவன் இவன்தானே, எத்தனையோ தடவை உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன், அப்போதெல்லாம் இவன் எங்கே என்றார். கேட் சத்தம் கேட்டதுமே செருப்பை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் பின்வீட்டு எட்மண்ட் சாரிடம் போய்விடுவான், இப்போதெல்லாம் யாரும் சொல்லவேண்டியதே இல்லை என்றேன். அந்தப் பெரிய மனுஷர் கை கழுவுகிற குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். அப்புறம் சொன்னார், "நான் அந்தப் பையன் கையில பத்து ரூபா டிப்ஸ் வெச்சேன் சார். வாங்கிக்கிட்டு சல்யூட் அடிச்சான்." உன் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு ராத்திரியே அவர் போன் பண்ணிவிட்டார் என்பதும், அதிலிருந்துதான் நீ என் போனை எடுப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இனி காதுகுத்து விஷயம். மே மாதம் வருகிறேன், திருப்போரூரில் வைத்துப் பாப்பாவுக்குக் காது குத்தணும், தாய்மாமன் மடியில் பிரேம் உட்காரட்டும், அந்த நாலு நாள் மட்டும் பரணியை எங்கேயாவது ஹோமில் விட்டு வைக்கச் சொல்லுங்கள் என்று நீ பிரேமுக்குப் பேசி அனுப்பியிருந்தாய். பிரேம் அதை எனக்குப் போட்டுக் காட்டினான். மாட்டேன் என்று சொல்லச் சொன்னான், சொல்லிவிட்டேன். உன் மாமனாரும் சொல்லிவிட்டார், பேத்திக்குக் காது குத்தினால் பரணி மடியில்தான் குத்தணும், இல்லையென்றால் மூளிக் காதாகவே வளரட்டும் என்று. சரி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் அவனுக்குப் பட்டு வேட்டியே எடுத்து வந்துவிட்டேன், ஜரிகை நாலு விரல் அகலம், கடைக்காரரே அவர் கல்யாணத்துக்கு இப்படி ஒன்று உடுத்தவில்லையாம்.

வேட்டியைக் காட்டினால் அவன் கையால் தொடவில்லை. நான் மாமா இல்ல சித்தப்பா, பிரேம் அண்ணன்தான் மாமா, நான் பக்கத்து வீடு என்றான். இல்லடா, அது சும்மா சொன்னது, துர்கா உன் கூடப் பிறந்த அக்கா என்றேன். உன் அம்மா சொன்னாள், பிரேம் சொன்னான், ரோஹிணி மேடத்தைக் கூட்டி வந்து சொல்ல வைத்தேன். எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, அக்கா சொல்லணும் என்றான். அப்புறம் நாங்கள் வருத்தப்படுகிறோம் என்று நினைத்தானோ என்னவோ, என் தோளைத் தட்டி, "கவலைப்படாத சித்தப்பா. காதுகுத்துக்கு நான் வரேன். வந்து தண்ணி ஊத்தறேன்" என்றான். உன் அம்மா அப்போது எழுந்து போய்ப் படுத்தவள்தான். உனக்கு ஒரு வரி எழுதிக் கொடு அண்ணி என்று இந்தக் காகிதத்தை நீட்டினேன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகவே மகளே, டிக்கெட்டை கேன்சல் பண்ணுகிற யோசனை இருந்தால் விட்டுவிடு. நீ அங்கேயே இருந்தால் இவன் சாகிறவரைக்கும் பக்கத்து வீடாகவே நீந்திக்கொண்டிருப்பான். போனிலும் சொல்ல முடியாது, நீ கூப்பிட்டால் வெளியாளிடம் ரொம்ப நேரம் பேசக்கூடாது என்று வைத்துவிடுகிறான், அதுவும் நீ சொல்லிக் கொடுத்ததுதான். நேரில் வா. ஏர்போர்ட்டுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வருவேன், மூவரசம்பட்டுத் திருப்பம் வரைக்கும் வரவேற்புப் பேனர் வைக்கிறேன், உன் மாமனாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உன்னைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அக்கா வந்துட்டாங்க என்று அவன்தான் முதலில் சத்தம் போடுவான், அவன் குரல் பெரிசு, டாக்ஸிக்காரர்கள் எல்லாம் திரும்புவார்கள். அந்த இடத்தில் என்ன சொல்லப்போகிறாய் என்று விமானத்திலேயே யோசித்து வைத்துக்கொள், நேரம் நிறைய இருக்கும்.

பேத்தி நீண்ட ஆயுளோடு, தாய்மாமன் சீர் குறையாமல் வளரட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசியைச் சொல். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. வரும்போது தண்ணீருக்குள் போட்டுக்கொள்கிற நீச்சல் கண்ணாடி ஒன்று நல்லதாக வாங்கி வா, பரணியுடையது ரப்பர் அறுந்து நூல் போட்டுக் கட்டியிருக்கிறான். அக்காவிடம் கேட்கட்டுமா என்றேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான். அடுத்த வீட்டுக்காரர்களிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று உன் அம்மா சொல்லி வளர்த்த பிள்ளை அவன்.

இப்படிக்கு,
உன் நன்மையை விரும்பும் சித்தப்பா,
சம்பந்தம்