ஆறு ஆட்டம் தோற்ற கிராணி

ரெம்பாவ் தோட்டம்,
ஆகஸ்டு 1943

அன்புள்ள அஞ்சலைக்கு,

சுவா தோட்டத்தில் நீயும் அத்தையும் குழந்தையும் சுகம்தானே? குழந்தைக்குச் சளி விட்டதா? மரவள்ளிக்கிழங்கு தின்று நான் நன்றாகவே இருக்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் பந்து கோஷ்டி வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றது. எனக்குப் பந்து உதைக்க வராது. ஆனாலும் கோஷ்டியை நடத்தும், ஆபீசில் கணக்கெழுதும் எட்வர்ட் கிராணி என்னையும் சேர்த்திருந்தார். போன வாரம் சனங்கள் திடலில் கூடி, "ஆள் எடுக்கத் தெரியாத கிராணி வேணாம்லா!" என்று கத்தினார்கள். தோற்ற வெட்கத்தில், அவரை மாற்றச் சொல்லி நானும் கை தூக்கினேன்.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். "ஆட்டக்காரன ஜப்பான்காரன் சயாம் காட்டுல ரயில் ரோடு போடப் புடிக்க மாட்டான். அதான் பிள்ளகுட்டிக்காரனா பாத்துப் பேரு போட்டேன். கூட்டத்துல சொன்னா ஜப்பான்காரன் காதுக்குப் போயிரும்லா" என்றார். அவரிடம் கோபமே இல்லை. எனக்கு அழுகையும் வரவில்லை.

இப்போது வெளிக்காட்டில் ஆட்களை மேய்க்கும் சன்னாசி மண்டோர் கோஷ்டியை நடத்துகிறார். நல்ல ஆட்டக்காரர்களாகப் பார்த்து எடுத்தார். நேற்று மூன்று கோல் போட்டு ஜெயித்தோம். கோட்டுக்கு வெளியே நின்று நானும் கை தட்டினேன்.

வெள்ளிக்கிழமை என்னைச் சயாமுக்கு லாரியில் ஏற்றுகிறார்கள். மூன்று மாதம்தானாம், பயப்படாதே. இதைக் கொண்டுவரும் அந்தோனியிடம் என் கம்பளியைக் கொடுத்தனுப்பு. காய்ச்சல் மாத்திரை இருந்தால் அதையும் வை. குழந்தையின் சட்டை ஒன்றும் வேண்டும், துவைக்காமல்.

அந்தோனி சைக்கிளில் ஏறிவிட்டான்.

காத்தமுத்து