வாப்பா எழுதிவைத்த தோணிக்கு ஒரு நீளக்கால் எஞ்சின்

ஸலாம் வாப்பா. நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்குப் போகும் ஆண்கள் உங்கள் கபுறடியில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு வருகிறார்கள். பெண்கள் நாங்கள் அங்கே போவதில்லை. பக்கத்து வளவுக்காரர் சவூதியிலிருந்து கசெட்டில் பேசி அனுப்புகிறார், வீட்டார் சுற்றியிருந்து கேட்கிறார்கள். உங்களிடம் எதில் பேசி அனுப்புவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

உங்கள் எஞ்சின் போய்விட்டது வாப்பா. நீங்கள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. உப்பு ஏறி, உள்ளே இறுகி, மச்சான் எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. மூத்தவள் ராத்தாவின் மாப்பிள்ளையான அவர்தான் இப்போது கடலுக்குப் போகிறார் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் தோணி என் பெயரில். வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்தீர்கள், எனக்குப் பாய்த்தோணியை எழுதிவைத்தீர்கள். தோணியைச் சீதனமாக வாங்க எந்த மாப்பிள்ளை வருவான் என்று ஊர் சிரித்தது. புத்தகமும் கையுமாக இருக்கும் இவளுக்குத் தோணி எதற்கு என்று நானுமே யோசித்தேன். ஏன் அப்படிச் செய்தீர்கள்? கேட்காமலே விட்டுவிட்டேன்.

புது எஞ்சின் வாங்க வேண்டும், என் சம்மதம் வேண்டும் என்று மச்சான் சொன்னார். கல்முனையில் எஞ்சின் கடை வைத்திருக்கும் ஹாஜியார், உங்கள் மௌத்து விசாரிக்கவும் வியாபாரம் பேசவும் ஒரே நடையாக வீட்டுக்கு வந்தார். உம்மா அப்போது உங்களுக்கான நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் ஒதுங்கியிருந்தார். அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது, குரலும் அவர் காதில் விழக்கூடாது. உள்ளறை வாசலில் மருதமுனைப் போர்வை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தோம். உம்மா அதற்குப் பின்னால். நான் திரையோரம் நின்று உம்மாவின் சொல்லை வெளியே கொண்டுவர வேண்டும்.

"தேத்தண்ணிக்குச் சீனி காணுமா எண்டு கேளு" என்றார் உம்மா மெதுவாக.

"உம்மா கேக்கிறா, சீனி காணுமா, இன்னும் போடவா எண்டு."

"காணும் எண்டு மைனிக்குச் சொல்லுங்க மகள்" என்றார் ஹாஜியார். உம்மாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. ஆனாலும் நான் உள்பக்கம் திரும்பி, "காணுமாம்" என்றேன். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

பிறகு ஹாஜியார் மச்சான் பக்கம் திரும்பி எஞ்சின் கதையைத் தொடங்கினார்.

"தம்பி, இருவத்தஞ்சு குதிரச் சக்தி எஞ்சின் ஒண்டு வந்திரிக்கி. பாயையும் மரத்தையும் கழட்டி எறிஞ்சிட்டு அதப் பூட்டுங்க. தூரத்துப் பாணமைக் கடலுக்கும் போய் வரலாம்."

மச்சானின் முகம் மலர்ந்தது. "அதான் ஹாஜியார் நானும் சொல்ற. கரையில பொடியனுகள் நக்கலடிக்கிறானுகள். மாமிட சீலைய விரிச்சிட்டு வாறாரு மருமகன் எண்டு கத்துறானுகள்."

"பாய்க்காரருக்கு ஏத்ததும் ஒண்டு கிடக்கு" என்று ஹாஜியார் சிரித்தார். "எட்டுக் குதிர, நீளக்கால். வெளிநாட்டான் பாய்ப் படகுக்கெண்டே செஞ்சதாம். நம்மட கரைக்கு அது ஆருக்கு வேணும்? தூசி பிடிச்சிக் கிடக்கு."

வாப்பா, நீளக்கால் என்பது எனக்குத் தெரிந்த வார்த்தை. நூலகத்தில் பாய்ப் படகுகள் பற்றிய ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் இருந்தது. உங்கள் சுகவீன நாட்களில் உங்கள் பக்கத்தில் இருந்து அதைத்தான் வாசித்தேன். எஞ்சினின் தலையிலிருந்து, தண்ணீரைத் தள்ளும் காற்றாடி வரைக்கும் உள்ள குழாயைக் கால் என்கிறார்கள். பாய்த்தோணி அலையில் ஏறும்போது அதன் பின்பக்கம் மேலே எழும்பும். கால் குட்டையென்றால் காற்றாடி தண்ணீரைவிட்டு வெளியே வந்து வெறும் காற்றில் சுற்றும். நீளக்கால் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். அந்த எஞ்சின் பாயைத் துரத்தாது, பாயோடு சேர்ந்து வேலை செய்யும்.

நான் நினைத்தது குதிரைகளை அல்ல. நினைத்தது கச்சான் காற்றை. அந்தக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும்போது, மரமும் பாயும் இல்லாத தோணியில் எஞ்சின் நின்றுபோனால் மச்சான் எதைப் பிடித்துக்கொண்டு வீடு வருவார்? பின்னேரம் கடற்காற்று எழும்பினாலும் அதைப் பிடிக்க அவரிடம் என்ன இருக்கும்? ராத்தா மாசமாக இருந்தாள். இதை ஆண்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

திரைக்குப் பின்னால் உம்மா கிசுகிசுத்தார். "பெரிசில மீன் கூடுதலா வருமா எண்டு கேளு புள்ள."

நான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"உம்மா சொல்றா, எஞ்சின் நடுக்கடல்ல நிண்டா மருமகன் எதால வாற எண்டு. பாய்மரத்தக் கழட்டப்படாதாம். அந்த நீளக்கால் எட்டே போதுமாம்."

மச்சான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீளக்காலா? மைனி நல்லா விளங்கித்தான் சொல்றாவா?" என்றார் ஹாஜியார்.

திரை லேசாக ஆடியது. ஒரு செருமல் கேட்டது. பிறகு, கேட்கக்கூடாத அந்தக் குரல் முன்னறை முழுக்கக் கேட்டது.

"ஓம் ஹாஜியார். புள்ள சொன்னதுதான்."

ஹாஜியார் எழும்பும்போது, "தூசி தட்டி அனுப்பிவிடுறன்" என்றார். அவர் போன பிறகு உம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். உம்மா தஸ்பீஹ் மணிகளை உருட்டியபடி, "மீன் கூட வருமா இல்லையா எண்டு கடைசிவரைக்கும் தெரியாமப் போச்சு" என்றார்.

எஞ்சின் வந்தது. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுகிறது, உங்களுடையதைப் போலத்தான். மச்சானுக்கு முதலில் அதோடு பெரிய சண்டை. கரைக்கு வரும்போது நீளக்காலை நேரத்தோடு தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் மணலில் குத்தும். முதல் நாளே குத்தியது. "காலும் நீளம், கரைச்சலும் நீளம்" என்று ராத்தாவிடம் திட்டினார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் திட்டினாரோ என்னவோ. பைபர் போட்காரர்கள் எல்லாரும் மீனை விற்று முடித்த பிறகு வந்து சேர்ந்தார். ஒருவேளை நான் பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று எத்தனை நாள் யோசித்தேன் தெரியுமா?

போன கிழமை கச்சான் கடுமை. நடுப்பகல் லுஹருக்கு வரவேண்டிய மச்சான் வரவில்லை. மற்றத் தோணிகள் வந்துவிட்டன. ராத்தா நிறைவயிற்றோடு வேலிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். இத்தா முடிந்திருந்த உம்மா அவளுக்கு ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு யாசீன் ஓதினார். நான் ஒரு புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுதுபடும் மஃரிபுக்குச் சற்று முன்னால் மச்சான் யாரோ ஒருவரின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து வந்து இறங்கினார். அறுந்து மிதந்த வலைக்கயிறு ஒன்று காற்றாடியில் சுற்றி எஞ்சின் நின்றுவிட்டதாம். கயிற்றை வெட்டி எடுக்க முடியவில்லை. கரை மறையும் அளவுக்குக் கச்சான் தள்ளியிருக்கிறது. பின்னேர அஸருக்குப் பிறகு கடற்காற்று எழும்பவும் பாயை விரித்து மருதமுனைக் கரையில் ஏறியிருக்கிறார். தோணி அங்கேதான் நிற்கிறது, ஒரு கீறலும் இல்லை. மச்சான் இதையெல்லாம் பஸ் பிந்திய கதையைப் போலச் சொன்னார். ராத்தா மட்டும் அவருடைய சட்டைக் கையை விடவேயில்லை.

தேநீர் கொடுத்தேன். அவர் உம்மாவைப் பார்த்து, "மாமி, அண்டைக்கு நீங்க சொல்லாட்டி பாய்மரத்த விறகாக்கிருப்பன்" என்றார்.

உம்மா என்னைப் பார்த்தார். பதில் சொல்லும் இடத்தை எனக்காகத் திறந்து வைத்தார்.

"நான்தான் சொன்ன மச்சான். உம்மா மீன் கூட வருமா எண்டுதான் கேட்டா."

அவர் சிரித்துவிட்டார். "அது அண்டைக்கே தெரியும் மச்சி. கலியாணம் முடிச்ச நாளையிலிருந்து மாமி என்னிட்ட மீனைத் தவிர வேற கதை கேட்டதில்ல. அவ நீளக்கால் எண்டு சொன்னா நான் நம்புவனா?"

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கல்ல?"

"தோணி உங்கட. வாய் ஆருட எண்டு கேட்டு எனக்கென்ன?"

வாப்பா, இன்னுமொரு செய்தி. பொத்துவில் பக்கத்திலிருந்து எனக்குச் சம்பந்தம் பேசி வந்திருக்கிறார்கள். நல்ல குடும்பம் என்கிறார்கள். தோணியை விற்று வயற்காணி வாங்கித் தருவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பதில் கேட்க வருவார்கள். மச்சான் பேசட்டும் என்று உம்மா சொன்னார். மச்சானோ, "நான் நாக்கை வாடகைக்கு விடமாட்டன், மச்சியே கதைக்கட்டும்" என்றுவிட்டார்.

வாக்குத் தருகிறேன் வாப்பா. வரும் பெண்களோடு நானே உட்காருவேன். தோணி விற்பதற்கில்லை, அதன் பாய்மரமும் கழலாது என்று நானே சொல்வேன். அதற்குப் பிறகும் அவர்கள் எழும்பாமல் தேத்தண்ணி குடித்தால், சம்பந்தத்தின் மிச்சத்தைப் பேசலாம்.

உங்களுக்காகத் துஆ கேட்கும்,
தோணிக்குச் சொந்தக்காரியான உங்கள் இளைய மகள்