பதினேழாம் நம்பர் பெட்டி

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதறேன். அங்க குளிர் குறைஞ்சிருக்கும், உன் இருமலும் அதோட கிளம்பிப் போயிருக்கும்னு நினைச்சுக்கிட்டே ஆரம்பிக்கறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். அப்பாவோட முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டா முரண்டு பிடிக்குது, மத்தபடி பசி, தூக்கம், கோபம் எல்லாம் வழக்கம்போல. முப்பது வருஷம் அச்சகத்துல உக்காந்து ஊரார் எழுதினதுல பிழை திருத்தினவ நான், உனக்கு எழுதும்போது மட்டும் பேசற மாதிரியே எழுதுவேன், சிவப்பு மையைத் தூக்கிட்டு வராதே. பின்பக்க ரூமை இடிச்சாச்சான்னு நீ போன்ல மூணு தடவை கேட்டுட்ட, நானும் மூணு தடவையும் பேச்சை மாத்திட்டேன். இடிக்கல. ஏன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்ற விஷயம் இல்ல, அதான் காகிதத்தை எடுத்தேன்.

அந்த ரூம் உனக்குத் தெரியாததா. நீளமா, ஒடுக்கமா, கூரை மட்டும் கவுத்த தொட்டி மாதிரி வளைஞ்சு இருக்கும். அப்பாவோட அப்பா, அதாவது உன் தாத்தா, ஏதோ அரைகுறைக் கொத்தனாரை வெச்சுக் கட்டியிருக்காருன்னு நாம சிரிப்போம். அதை இடிச்சுட்டு அப்பாவுக்குக் கீழேயே ஒரு படுக்கையறை கட்டணும்னு நீ வரைஞ்சு அனுப்பின படத்தைக் காட்டித்தான் தச்சரை வரவழைச்சேன், முதல்ல சுவத்துப் பலகையைக் கழட்டட்டும்னு. மூணாவது பலகை கழண்டதும் அந்த மனுஷன் சுத்தியலைக் கீழ வெச்சுட்டு என்னைக் கூப்பிட்டாரு, கூப்பிட்ட குரலே சரியில்ல. நான் கரண்டியோட ஓடினேன். பலகைக்கு அடியில கறுப்பா தார் காகிதம், அதுக்கு அடியில நேத்து அடிச்ச மாதிரி செங்காவி பெயின்ட், அதுல மஞ்சள்ல பதினேழுன்னு ஒரு எண், கீழே ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்ட மூணு எழுத்து. இன்னும் கழட்ட ஜன்னல் வந்துச்சு, மேல இழுத்துவிடற மரக்கதவு, பக்கத்துல பித்தளைத் தகட்டுல ஓடும் வண்டியில் கை நீட்டாதீர்னு எழுதியிருந்துச்சு. கடைசி எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது, பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நம்ம வீட்டுக்குள்ள இத்தனை வருஷமா ஒரு ரயில் பெட்டி நின்னுக்கிட்டு இருந்திருக்கு கண்ணு, நான் அதுக்குள்ள துணி இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

அப்பா சிரிக்கல. வாசல்ல நின்னு பாத்துட்டு, இடிக்கறதை இடிங்கன்னு சொல்லிட்டு முன்பக்கம் போயிட்டாரு. காரணம் உனக்கும் பாதி தெரியும், உன் தாத்தா ஆயுசுக்கும் ரயில் ஏறாத மனுஷன். எங்க கல்யாணத்துக்கே மூணு பஸ் மாறித்தான் வந்தாரு. மீதிப் பாதியை நான் சொல்றேன். அப்பாவுக்கு இருபத்தஞ்சு வயசு, தூரத்து ஊர்ல வேலை, குடல்வால் வெடிச்சு ஆஸ்பத்திரியில கிடந்தாரு. வீட்டுக்குத் தந்தி போச்சு. ரயில் ஏறியிருந்தா தாத்தா மறுநாள் காலையிலேயே வந்து நின்னிருக்கலாம். அவர் வந்தது மூணாம் நாள் சாயங்காலம், ரெண்டு லாரியும் ஒரு பஸ்ஸும் பிடிச்சு. பிள்ளை உசுரை விட உங்க பிடிவாதம் பெருசான்னு அப்பா அவரை நேர்ல கேட்டதே இல்ல, ஆனா மனசுக்குள்ள அந்தக் கேள்வியைக் கீழ இறக்கி வெச்சதும் இல்ல. அப்படி ரயிலையே ஒதுக்கின மனுஷன் எதுக்கு ஒரு ரயில் பெட்டியைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள வெச்சுப் பலகை அடிச்சு மூடணும்? எனக்கு அன்னைக்கு அடுப்பு வேலையே ஓடல. தச்சர்கிட்ட வேலையை நிறுத்தச் சொல்லிட்டேன்.

பழைய ரயில் பைத்தியம் நம்ம பல் டாக்டருக்குத்தான் உண்டுன்னு தச்சர்தான் சொன்னாரு. போய்ச் சொன்னேன், ஒருத்தர் வாயைத் திறந்து உக்காந்திருக்க, அவரை அப்படியே விட்டுட்டு எத்தனாம் நம்பர்னு கேட்டாரு பாரு. மத்தியானமே டார்ச் லைட்டோட வந்து, வெள்ளைக் கோட்டோடயே தரையில மண்டி போட்டு, பெட்டியோட அடிச்சட்டத்தைத் தடவிப் பாத்தாரு. மொத்தம் இருபத்திரண்டு பெட்டியாம் இதை ஓட்டின ரயில் கம்பெனிக்கு, இருபத்தொண்ணு விறகாப் போச்சாம், இது ஒண்ணு எங்கேன்னுதான் பதினோரு வருஷமா தேடறாராம். அவரையும் சேத்து நாலே பேர் இருக்கற ஒரு சங்கம், பழைய சரக்குக் கொட்டகையைப் பழுது பாத்து அதுல கம்பெனிப் பொருளையெல்லாம் வைக்கப் போறாங்களாம், பெட்டியைத் தருவீங்களான்னு கேட்டாரு. கம்பெனியோட கதையையே முதல்ல சொல்லுங்கன்னேன். கல்குவாரி வெச்சிருந்தவங்களும் பழத்தோட்டக்காரங்களும் சேந்து தொடங்கினது, துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோக. அம்பத்திரண்டு கிலோமீட்டர், ஆறு ஸ்டேஷன், ஒரே ஒரு பெரிய பாலம். அப்புறம்தான் ஆளுங்களை ஏத்த ஆரம்பிச்சது. ஏத்தத்துல வண்டி ஏறும்போது இறங்கி நடந்து, முகம் கழுவிட்டு வந்து திரும்ப ஏறிக்கலாமாம், அதனால நத்தைக் கம்பெனின்னு பேர். நாப்பத்தாறு வருஷம் ஓடியிருக்கு. பஸ் வந்ததும் நத்தைக்கு மூச்சு வாங்கிடுச்சு.

டாக்டர் கிளினிக் அலமாரியில பஞ்சு டப்பாவுக்குப் பக்கத்துல கம்பெனியோட கூட்ட நடவடிக்கைப் புத்தகங்கள் இருக்கு, லைப்ரரியில கூரை ஒழுகுதுன்னு இவர் வாங்கி வெச்சது. நாலு நாள் அங்கயே உக்காந்துட்டேன், பல்லு பிடுங்க வந்தவங்க எல்லாம் என்னை நர்ஸுன்னு நினைச்சுக்கிட்டாங்க. எனக்குத்தான் பொடி எழுத்தை விடாம படிக்கற வியாதி இருக்கே, டாக்டர் பதினோரு வருஷமா தாண்டிப் போன பின்னிணைப்புல ஒரு வரி கண்ணுல பட்டுச்சு. கம்பெனி தொடங்கி முப்பத்தேழாவது வருஷம், பொய்யான அபாய அறிவிப்பு, பாதைக் காவலர் நீக்கம். பேர் பாத்தேன். தாத்தா பேர். அவங்க அப்பா பேரோட சேத்து. கைக்குட்டையால கண்ணாடியைத் துடைச்சுட்டுத் திரும்பப் படிச்சேன். சைக்கிள் கடைக்காரரா மட்டுமே நமக்குத் தெரிஞ்ச மனுஷன், அதுக்கு முன்னாடி தினம் பத்துக் கிலோமீட்டர் தண்டவாளத்தை நடந்தே பாத்துட்டு வர்ற வேலையில இருந்திருக்காரு, இருபத்திநாலு வயசுல.

நடந்தது இதுதான். பஸ்ஸை முந்தணும்னு புது மேனேஜர் ஒரு வேக வண்டி விட ஏற்பாடு பண்ணியிருக்காரு. முதல் ஓட்டம், ரெண்டே பெட்டி, உள்ள டைரக்டருங்க, பத்திரிகைக்காரங்க, ஊர்ப் பெரிய மனுஷங்க. அன்னைக்குப் பாத்து மழை. தாத்தா பாலத்துக்கு வந்தப்ப தண்ணி எச்சரிக்கைக் கல்லைத் தொட்டுக்கிட்டு ஓடியிருக்கு, நடுத்தூண்ல இருந்து டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். கீழே இறங்கிப் பாக்க வழியில்ல. வண்டி வர்ற நேரம். சிவப்புக் கொடியோட தண்டவாளத்து நடுவுல ஓடி நிறுத்திட்டாரு. தண்ணி இறங்கிப் பொறியாளர் போய்ப் பாக்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. ஒண்ணும் இல்ல கண்ணு. அடிச்சுக்கிட்டு வந்த ஒரு மரக்கட்டை தூண்ல சிக்கி மோதிக்கிட்டு இருந்திருக்கு, அவ்வளவுதான். மறுநாள் பத்திரிகையில நத்தை தூங்கிய கதைன்னு கொட்டை எழுத்துல போட்டுட்டாங்க. மூணாம் நாள் தாத்தாவுக்கு வேலை போச்சு. எனக்குப் படிக்கப் படிக்க ஒரே ஆசை, அடுத்த பக்கத்துல அந்தப் பாலம் இடிஞ்சு விழுந்திருக்கணும், இவர் சொன்னதுதான் சரின்னு ஆகியிருக்கணும்னு. கடைசிப் புத்தகம் வரைக்கும் தேடினேன். பாலம் விழவே இல்ல. இன்னைக்கும் நிக்குதாம், ஆடு மேய்க்கறவங்க மேல நடந்து போறாங்களாம்.

ஆனா அந்தப் பொறியாளர் எழுதின அறிக்கை அதே புத்தகத்துல ஒட்டியிருக்கு, அதை அப்படியே எழுதிக்கிட்டு வந்தேன். பாலத்தில் பழுது இல்லை, எனினும் அந்த மழையில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் நானும் வண்டியை நிறுத்தியிருப்பேன். அன்னைக்கு அதை யாரும் காதுல வாங்கல. ஒன்பது வருஷம் கழிச்சுக் கம்பெனியை மூடறாங்க, கடைசிக் கூட்டம், அந்தப் பொறியாளர் கிழவராயிட்டாரு, எழுந்து நின்னு தாத்தாவோட நீக்கத்தை ரத்து பண்ணுங்கன்னு கேக்கறாரு. பழைய தீர்மானத்தை மாத்தற வழக்கம் இல்லைன்னு தலைவர் சொல்லிடறாரு. அப்படின்னா ஒரு பெட்டியையாவது அவருக்குக் கொடுங்கன்னு பொறியாளர் விடாம நிக்க, யாரும் மறுக்கல. பதினேழாம் எண் பெட்டி, முன்னாள் பாதைக் காவலருக்கு, விலையின்றி. அவ்வளவுதான் அந்த வரி. அன்னைக்கு நிறுத்தின வண்டியில இன்ஜினுக்கு அடுத்து இருந்தது இந்தப் பதினேழுதான். தெரிஞ்சுதான் கேட்டாரா, மிச்சம் இருந்தது இதுதானான்னு டாக்டருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. நல்லதா ஒண்ணை நினைச்சுக்கறதுல யாருக்கு நஷ்டம்.

வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். பேப்பரை மடிச்சுக்கிட்டே கேட்டாரு, கடைசியில அவர் பண்ணினது தப்புதானேன்னு. ஆமான்னேன், தப்புதான். மடிச்ச பேப்பரை மறுபடி விரிச்சுக்கிட்டாரு. நான் விடுவேனா, பெரிய அத்தைக்குப் போன் போட்டேன். அத்தை நாலு வயசுல எங்க வீடு ரோட்டுல நடந்து வந்துச்சு, நான் பாத்தேன்னு சொல்லிச் சொல்லி எல்லார்கிட்டயும் கேலி வாங்கினவங்களாச்சே, இப்ப அரை மணி நேரம் உங்களை எல்லாம் பாத்துக்கறேன்னு என்னைத் திட்டினாங்க, சந்தோஷத்துலதான். ரயில் வேலை பத்தி அவங்களுக்கும் தெரியாது. ஆனா ஏன் ரயில்ல ஏறமாட்டேங்கறீங்கன்னு சின்னப் பொண்ணா ஒருநாள் கேட்டப்ப தாத்தா சொன்னதை ஞாபகம் வெச்சிருந்தாங்க. அப்ப விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நினைச்சாங்களாம். ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், அப்பா காதுல விழட்டும்னு.

“ஏறிட்டா ஒவ்வொரு பாலத்துலயும் இறங்கிப் பாக்கணும்னு தோணும்மா. வண்டி நிக்காது.”

அப்பா எழுந்து பின்பக்கம் போனாரு. மறுநாள் தச்சர் வந்தப்ப இன்னொரு விஷயம் சொன்னாரு, அவமானத்துல மறைக்கறவன் இப்படிப் பலகைக்கு அடியில தார் காகிதம் ஒட்டமாட்டான் அம்மா, இது பெயின்ட் கெடக்கூடாதுன்னு பண்ணின வேலைன்னு. எனக்கும் அப்படித்தான் படுது. ஆனா பிழை திருத்தறவளுக்கு மூலப்பிரதி இல்லாம உறுதியா எதையும் சொல்லப் பிடிக்காது.

முடிவைச் சொல்லிடறேன், நீ பணம் அனுப்பறேன்னு அவசரப்படாதே. இடிக்கறதும் இல்ல, கொடுக்கறதும் இல்லைன்னு அப்பாவே சொல்லிட்டாரு. உள் பலகையை எல்லாம் எடுத்துட்டு எங்க கட்டிலை அதுக்குள்ளயே போட்டாச்சு, கீழ்வீடுதானே, முழங்காலுக்கும் நிம்மதி. பக்கத்துல ஒரு குளியலறை மட்டும் கட்டணும், உன் படத்துல அதை மட்டும் வெச்சுக்கறேன். டாக்டர் முகம் வாடிப்போச்சு, முன்கூட்டிச் சொல்லிட்டு யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வாங்க, டீ நான் போடறேன்னதும் தெளிஞ்சுட்டாரு. போன வாரம் ஆறு பேர் வந்து எங்க கட்டிலைச் சுத்தி நின்னு அண்ணாந்து பாத்துட்டுப் போனாங்க, அப்பா லுங்கியை இழுத்து விட்டுக்கிட்டு எல்லாருக்கும் விளக்கம் சொல்றாரு.

நேத்து மத்தியானம் ரெண்டு பேரும் ஜன்னல் சட்டத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கிட்டு இருந்தோம். அப்பா தேய்க்கறதை நிறுத்தாமலே சொன்னாரு, ஆஸ்பத்திரிக்கு எங்கப்பா வந்தப்ப நான் தூங்கலைன்னு. கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தாராம், வேணும்னே. தாத்தா ரெண்டு மணி நேரம் ஸ்டூல்ல உக்காந்திருந்தாராம். நர்ஸ் எழுப்பட்டுமான்னு கேட்டதுக்கு வேண்டாம், பையன் நல்லாத் தூங்கறான்னு சொல்லியிருக்காரு. போறதுக்கு முன்னாடி குனிஞ்சு, காதை இவர் மூக்குப் பக்கத்துல வெச்சு, கொஞ்ச நேரம் மூச்சைக் கேட்டுட்டு, போர்வையைச் சரிபண்ணிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போயிட்டாரு. நாப்பத்தொரு வருஷமா என்கிட்ட சொல்லாத விஷயம் கண்ணு. கண்ணைத் திறந்திருக்கலாம்னு மட்டும் சொன்னாரு. அவர் கையில இருந்த தாள் தேஞ்சு போயிருந்தது, புதுசு ஒண்ணை எடுத்துக் கொடுத்தேன்.

இதை உனக்கு எழுதட்டுமான்னு கேட்டேன், எழுதறதுன்னா எழுதிக்கோன்னாரு. அதனால ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணும்போது என்கிட்ட சாப்பாடு விசாரிச்சுட்டு வெச்சுடாதே, அப்பாகிட்ட கொடுக்கச் சொல்லு, நான் மாடிக்குப் போயிடறேன். வெறும் வயித்துல மாத்திரை போடாதே. எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நல்ல மனுஷங்க சூழ, நோய்நொடி அண்டாம நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

பதினேழாம் நம்பர் பெட்டியில, ஜன்னலோரமா உக்காந்து எழுதும்
உன் அம்மா