கையகலக் காற்று

ப்ரெகான்சே,
மார்ச், சனிக்கிழமை மதியம்.

அன்புள்ள லீவியோவுக்கு,

இங்கே நான் நலம். உன் நலத்தை நம் மகள் நொயேமியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். தடியை ஊன்றிக்கொண்டு தாழ்வாரத்தின் அந்தக் கோடிவரை போய்வருகிறாயாம். சூப்பில் உப்பில்லை என்று மருத்துவமனைச் சமையல்காரரோடு சண்டையாம். சண்டை போடுகிறாய் என்று கேட்டதும் எனக்குப் பாதி கவலை போய்விட்டது. என்னோடு மட்டும்தான் போனில் பேச மாட்டேன் என்கிறாய். வாய் குழறுகிறது, வெட்கமாக இருக்கிறது என்று சொன்னாயாம். இத்தனை வருஷமாக நீ பால் லாரியை ஓட்டுகிற வேகத்தில்தான் பேசுவாய், எனக்குப் பாதி புரியாது. மெதுவாகப் பேசினால் எனக்குத்தான் லாபம். சரி, நான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதும் எனக்கு வசதிதான்.

கொல்லையில் செர்ரி மரம் மொட்டு விட்டிருக்கிறது. நேற்று காய்ந்த மீனைப் பாலில் வேகவைத்து, சோளக்களி கிண்டினேன். பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குச் செய்துவிட்டு இன்றும் அதையே சாப்பிட்டேன். மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டாகிவிட்டது.

போன மாதம் நொயேமி ஒரு விஷயம் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் சரியாக இல்லை. "அப்பா வீட்டுக்கு வர மாட்டேங்கிறாரும்மா. இங்கேயே எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற முதியோர் விடுதியில தங்கிக்கிறாராம். காலையில எழுந்து, ஜன்னலைத் திற ஜன்னலைத் திறன்னு உன்கிட்ட கெஞ்சிக்கிட்டு கெடக்க முடியாதுங்கிறாரு" என்றாள். ஈஸ்டருக்குள் அந்த விடுதிக்குப் பதில் சொல்ல வேண்டுமாம்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு ஜன்னலுக்காக ஒரு மனுஷன் வீட்டை விடுவானா என்று நினைத்தேன். பிறகு மாடிக்குப் போய் நம் கட்டிலில் உன் பக்கம் படுத்துப் பார்த்தேன். தலைக்கு மேலே அந்தக் கூரை ஜன்னல். கண் விழித்ததும் வலது கையை உயர்த்தி ஒரே தள்ளில் கண்ணாடியை முழுக்கத் தூக்கி நிறுத்துவாய். மலைப்பாதையில் பனி இருக்குமா, சக்கரத்துக்குச் சங்கிலி வேண்டுமா என்று வானத்தைப் பார்த்தே சொல்வாய். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, கழுத்து பிடித்துக்கொள்ளும், மூடு என்று கத்துவேன். பக்கவாதம் வந்தபின் உனக்கு வலது கை மேலே போகாது. நீ சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் பட்டறையில் போன வருஷம் முழுக்க நான் வரைந்துகொண்டிருந்த சின்ன மோட்டார் உனக்கு நினைவிருக்கும். ஜன்னல் சட்டத்துக்குள்ளேயே ஒளிந்து உட்காரும் ஒல்லிப் பெட்டி அது. உள்ளே சுருண்டு கிடக்கும் சங்கிலி, பொத்தானை அழுத்தினால் விறைப்பாக வெளியே வந்து கண்ணாடியைத் தள்ளும், திரும்ப அழுத்தினால் உள்ளே இழுத்து மூடும். வெள்ளோட்டத்துக்குச் செய்ததில் ஒன்றை எனக்குக் கொடுங்கள் என்று முதலாளி ஸ்பெரோத்தோவிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போ. உன் ஊட்டுக்காரருக்குப் பிடிச்சா உலகத்துக்கே பிடிக்கும். அவரு எதைத்தான் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காரு" என்றார்.

என்னோடு வேலை செய்யும் லொரேத்தாதான் ஏணியைப் பிடித்தாள். ஏணியை விட அவள் வாய்தான் அதிகம் ஆடியது. மாட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி சத்தமில்லாமல் ஒரு கையகலம் எழும்பியது. உடனே, "போதும் போதும், மூடுடி. வேர்த்த கழுத்துல காத்து பட்டா நாளைக்குத் தலையைத் திருப்ப முடியாது" என்றாள். நானும் மூடத்தான் போனேன், லீவியோ. விரல் பொத்தான்மேல் இருந்தது. ஆனால் ஒரு கையகலம் திறந்ததை நீ திறந்தது என்றே ஒத்துக்கொள்ள மாட்டாயே. கடைசிவரை போகட்டும் என்று அழுத்தாமல் விரலை எடுத்துவிட்டேன்.

கண்ணாடி முழுக்க எழும்பி நின்ற நேரம், மலையிலிருந்து பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தது. அவ்வளவு விறைப்பாக நின்ற சங்கிலி வெந்த சேமியா மாதிரி வளைந்துவிட்டது. கண்ணாடி தடாலென்று சட்டத்தில் வந்து விழுந்தது. உடையாதது நம் அதிர்ஷ்டம். லொரேத்தா சிலுவை போட்டுக்கொண்டு ஏணியடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதே மோட்டாரில் ஒரு வண்டி நிறைய அடுத்த வாரம் டென்மார்க்குக்குப் போக இருந்தது. திங்கட்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டேன். சோதனை மேடையில் சங்கிலி ஆயிரக்கணக்கான தடவை முழு நீளம் ஓடியிருக்கிறது, அங்கே காற்று கிடையாது. நிஜமான ஜன்னலில் மாட்டிச் சோதித்தது எங்கள் வரைபட அறையில், குளிர்காலத்தில். அங்கே யாராவது பொத்தானை அழுத்தினால், கண்ணாடி கையகலம் எழும்புவதற்குள் இன்னொருவர் முதுகு போச்சு, காது போச்சு என்று கத்தி மூட வைத்துவிடுவார். எல்லோர் கழுத்திலும் துண்டு, முதலாளி கழுத்தில் இரண்டு. ஊருக்கெல்லாம் ஜன்னல் திறக்க மோட்டார் செய்கிற நாங்கள் யாருமே எங்கள் ஜன்னலை ஒரு தடவைகூட முழுக்கத் திறந்ததில்லை.

ஸ்பெரோத்தோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "டென்மார்க்காரன் குளிர்ல கைக்குழந்தையையே வாசல்ல தூங்கப் போடுறவன். அவன் கையகலமா திறப்பான்? முதல் நாளே முழுசா திறந்துடுவான், நம்ம மானம் போயிடும்" என்றார். வண்டியை நிறுத்தினார். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது அவர்தான்.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் தோள் மாதிரி இரண்டு பக்கமும் சின்னப் புடைப்பு வைத்தேன். ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வளையாமல் நின்றது. ஆனால் அப்படிச் செய்தால் சுருள் பருத்துப் பெட்டி தடிமனாகிவிடுகிறது, சட்டத்துக்குள் நுழையவில்லை. அதோடு நாள் கணக்கில் மல்லுக்கட்டினேன். கடைசியில் கைகொடுத்தது உன் வாய்தான். புது லாரி வாங்கும்போது கம்பெனிக்காரனிடம் நீ சொன்னாயே, "அகலத்தை ஏத்தினா பாதை விடாது, நீளத்தை ஏத்தினா அது என் பாடு" என்று. சுருளுக்குப் பக்கத்தில் இருந்த மோட்டாரை எடுத்து அதன் வாலில் வைத்தேன். பெட்டி நீண்டது, ஆனால் தடிக்கவில்லை. சட்டத்துக்குள் அப்படியே போய் உட்கார்ந்தது.

இந்தத் தடவை அறை ஜன்னலை முழுக்கத் திறந்து, பக்கத்தில் பெரிய மின்விசிறியை ஓடவிட்டுச் சோதித்தோம். எல்லோரும் மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தோம். லொரேத்தா கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு, உன் புருஷனால்தான் எங்களுக்கு இந்தக் கஷ்டம் என்று நாள் முழுக்க உன்னைத் திட்டினாள். சங்கிலி அசையவில்லை. ஒருவருக்கும் கழுத்தும் பிடிக்கவில்லை. அதைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறந்து பேசவில்லை.

ஞாயிறு காலை.

நேற்று கடிதத்தைப் பாதியில் நிறுத்தியதற்குக் காரணம், லொரேத்தா புது மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாட்டிவிட்டோம். மலைக்காற்று நன்றாகவே அடித்தது, கண்ணாடி முழுக்க எழும்பி அப்படியே நின்றது. மழை விழுந்தால் அதுவே மூடிக்கொள்ளும். அதோடும் சண்டைக்குப் போகாதே.

இன்னொன்று சொல்ல வேண்டும். சுவிட்சை உன் இடது கைக்கு எட்டுகிற மாதிரி சுவரில் பதிக்க வேண்டியிருந்தது. நீ எப்போதும் படுக்கிற பக்கத்தில் உன் இடது கைக்கு அப்பால் நான் இருப்பேன், சுவர் இருக்காது. அதனால் பக்கம் மாற்றிவிட்டேன். இனி சுவரோரம் நீ. ஜன்னலுக்கு நேர் கீழே நான். கழுத்துக்கு ஒரு நல்ல கம்பளித் துண்டு வாங்கிவைத்திருக்கிறேன், என்னைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

இந்த வீட்டில் நீ யாரிடமும் எதையும் கெஞ்ச வேண்டியதில்லை. கெஞ்சுகிறவள் நான்தான், இதோ எழுத்திலேயே கெஞ்சுகிறேன். விடுதிக்குப் பதில் சொல்லும் முன் ஒரு காலை இங்கே கண் விழித்துப் பார். நீ இல்லாத வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை, லீவியோ.

சுவிட்ச் ஒன்றுதான் வைத்திருக்கிறேன். என் பக்கத்திலிருந்து அது எட்டாது. ராத்திரியெல்லாம் ஜன்னல் மூடியே கிடக்கிறது, அறை புழுங்குகிறது. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீ வந்து திற.

உன் வரவை எதிர்பார்க்கும்
ஒர்னெல்லா