மேல் தகட்டு விரிசல்

12, திங்கள். காலையிலிருந்து தூறல். குளிர்.

நான் நினைத்தபடியேதான் எல்லாம் நடந்தது. மேல் தகடு பிளக்கும் என்று அடுப்பைக் கடையில் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். வலது ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். வேறு யார் கண்ணிலும் படாது. எட்டாவது வரைக்கும்தான் படிப்பு, ஆனால் கோயமுத்தூரில் வார்ப்புப் பட்டறை வாசலில் இருபது வருடம் போய் வந்தவன் நான்.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். தம்பி மகள் கவிதாவும் மாப்பிள்ளை செல்வமும் இங்கே மலையில் வீட்டோடு இரண்டு அறை கட்டிச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறார்கள். குளிருக்கு என்று பழைய இரும்புக் கடை ராவுத்தரிடம் ஒரு வார்ப்பிரும்பு விறகடுப்பு வாங்கியிருந்தார்கள். இடித்த எஸ்டேட் பங்களாவில் கிடந்தது. செல்வம் கேட்டான் என்பதற்காக உடைத்துப் போடாமல் ஒரு வருடம் எடுத்து வைத்திருந்தாராம். அதைச் சரிசெய்ய என்னைப் பெருமாட்டியிலிருந்து வரவழைத்தார்கள். (வரவழைக்கவில்லை. போனில் சொன்னதும் நானே பஸ் ஏறிவிட்டேன்.) வந்த மறுநாள் நானே கடைக்குப் போய் ஜீப்பில் ஏற்றி வந்தேன்.

பத்து நாள் வேலை:
– துரு. கம்பி பிரஷ், உப்புத்தாள். நகம் இரண்டு போச்சு.
– கதவுக் கீல். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டது.
– இடுக்கெல்லாம் களிமண்ணும் சாம்பலும் பிசைந்து அடைத்தது.
– புகைக்குழாய். உள்ளே குருவிக்கூடு, ஒரு கூடை குப்பை. (கவிதாவிடம் மூன்று கூடை என்றேன்.)
– கடைசியாக அடுப்பு முழுக்கத் தேங்காய் எண்ணெய்.

யானைக்குட்டி மாதிரி நின்றது.

ராவுத்தர் சொல்லித்தான் அனுப்பினார். "மொத மூணு நாளைக்கு வெறும் சுள்ளியே எரிங்க. இரும்பு மெல்லச் சூடேறோணும்." பட்டறை பார்த்தவனுக்கு இதெல்லாம் பாடமா? யூக்காலித் தைலமரக் கட்டையை வாய் நிறைய அடுக்கினேன். புது அடுப்பு என்றால் பால் பொங்கி வழிய வேண்டாமா? பெரிய பாத்திரமாக வைத்தேன்.

"பெரியப்பா, இதென்ன மண்ணடுப்புங்களா? சும்மா ஒரு டம்ளர் பால் காய்ச்சுனாப் போதாதுங்களா?" கவிதா கேட்டாள். நான் கேட்கவில்லை.

பொங்கியது. கிழக்குப் பக்கம்தான் வழிந்தது. தகட்டில் பட்டதும் கருகிப் புகை, நாற்றம். எல்லோரும் வெளியே ஓட்டம். திரும்பி வந்து பார்த்தால் தகடு குறுக்கே இரண்டு.

"என்ன மாமா ஆச்சு?" செல்வம்.

"கடையில இருக்கறப்பவே விரிசல் மாப்ள. நான் அன்னைக்கே பாத்தேன்."

"பாத்தீகளா? பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க மனசு சங்கடப்படும்னுதான்."

சட்டென்று வந்த பதில். நல்ல பதில்தான்.

13, செவ்வாய். வெயில்.

செ. கடைவீதிக்குப் போனான். நானும் கூடவே. போகாமல் இருந்திருக்கலாம். ராவுத்தர் கடைக்கு எதிரே டீக்கடை. அங்கே பத்துப் பேர்.

"விரிசல் விட்டத எங்க தலையில கட்டிட்டீகளே பாய். உங்கள நம்பித்தான வந்தேன்?" செல்வம்.

ராவுத்தர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வந்து பாக்கறனுங்க" என்றார். அவ்வளவுதான்.

டீ ஆற்றுகிறவன்: "பாய் கடையில இரும்பு மட்டுமா ஒடையுது, வாக்கும்ல ஒடையுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராவுத்தர் அதைப் பார்த்தார்.

அவர் வேலந்தாவளத்துக்காரர், எங்கள் பெருமாட்டிக்குப் பக்கம். இந்த மலையில் என்னை 'ஏனுங்க' என்று கூப்பிடுகிற ஒரே வெளியாள்.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்தது.

14, புதன். மூடுபனி. துணி காயவில்லை.

ரா. வந்தார், கையில் சின்னச் சுத்தியல். அடுப்புக் கதவைத் தட்டினார், கணீர். சாம்பல் தட்டு, கணீர். உடைந்த தகட்டின் ஒரு பாதியை எடுத்துத் தட்டினார், அதில் இன்னொரு கீறல் ஓடியிருந்தது. தொப்.

"விரிஞ்ச இரும்புக்கு இதுதானுங்க சத்தம். ஏனுங்க, ஜீப்புல ஏத்தறதுக்கு முன்னால உங்களப் பக்கத்துல வெச்சுட்டுத்தான் இந்தத் தகட்டத் தட்டினேன். கணீர்னு கேட்டுச்சா இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

"எனக்கு அந்தப் பக்கத்துக் காது கொஞ்சம் மந்தமுங்க" என்றேன்.

கவிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேல்வீட்டுக் குக்கர் எத்தனை விசில் என்று எண்ணிச் சொல்கிறவன் நான். அவளுக்குத் தெரியாதா?

ரா. சுத்தியலைத் துணியில் சுற்றினார். "சரிங்க. வேற தகடு கெடைக்குதான்னு பாக்கறேன்." டீ ஊற்றி வைத்திருந்தது. குடிக்காமல் போனார்.

தண்ணீர் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். எல்லோரும் வெளியே ஓடியபோது, புகையை அடக்கலாம் என்று வாளித் தண்ணீரைத் தகட்டில் வீசியது நான்தான். பட் என்று ஒரு சத்தம். ஆனால் பழைய விரிசல் இருந்ததால்தான் பிளந்தது. இல்லாவிட்டால் தாங்கியிருக்கும்.

தாங்கியிருக்கும்.

15, வியாழன். மறுபடி தூறல்.

காலை, தோசை. இந்த மலையில் அறை விடுகிறவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் ராவுத்தரைப் பற்றிப் போடப் போவதாகச் செ. சொன்னான். பழைய கதவு, கட்டில், ஜன்னல் எல்லாம் அவர்கள் வாங்குவது ரா. கடையில்தான்.

"அவங்கள நம்பித்தானுங்க அவரு கடையே ஓடுது" என்றாள் க., என்னைப் பார்த்து, செல்வத்தைப் பார்த்து அல்ல.

செ. போனை என் முன்னால் நீட்டினான். "நான் எழுதினா நம்ப மாட்டாக. பாத்த ஆளு நீங்க. உங்க வாயாலயே சொல்லிருங்க மாமா."

"பெரியப்பா, பாத்தது என்னமோ அத மட்டும் சொல்லுங்க."

பொத்தானை அழுத்திப் பிடித்தேன். முதலில் என் பெயர், ஊர், பட்டறை எல்லாம் சொன்னேன், பழக்கதோஷம். மழைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் அதில் பதிந்திருக்கும். பிறகு, தண்ணீர் ஊற்றித் தகட்டை உடைத்தது நான், பாய் கொடுத்த இரும்பு நல்ல இரும்பு, அன்றைக்குச் சிரித்ததும் தப்பு என்றேன். விரலை எடுத்தேன். போய்விட்டது.

செ. போனை வாங்காமல் எழுந்து வெளியே போனான். தோசை ஆறிவிட்டது. க. சட்னியை என் பக்கம் நகர்த்தினாள். அவள் ஏதாவது திட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமைப் பக்கத்தில் வலது ஓரத்து மயிரிழை விரிசல் என்று எழுதியிருக்கிறேன். அப்படி ஒன்று இல்லை.