கதவில் ஒட்டிய ஈரப் படம்

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுத இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும். என் வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். நான் வாய்க்கு வந்தபடி கொட்டுகிறேன், அவள் அதை ஒழுங்குபடுத்திக்கொள்கிறாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், படிப்பையும் பாதியில் விட்டவள், பேனாவை எடுத்தால் மட்டும் தடுமாறுவதே இல்லை. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீ கத்துகிறாய், கத்துகிறவனிடம் எதையும் முழுதாகச் சொல்லி முடிக்க முடிவதில்லை. லீவு கேட்டிருக்கிறேன், வந்து ஒரு கை பார்க்கிறேன் என்றாயே, டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இதைக் கடைசிவரை படித்துவிடு.

கிடங்கில் வேலைநிறுத்தம் நடந்தது உனக்குத் தெரியும். டிரைவர்கள் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தபோது முதலாளி கூப்பிட்டார் என்று உன் அப்பா மட்டும் பின்பக்கமாக ஒரு லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓடிவந்து மறித்தவர்களில் கீழ்வீட்டு வெல்டரின் தம்பியும் ஒருவன். அப்பா பயத்தில் வண்டியை நிறுத்தவில்லை, அந்தப் பையனின் பாதம் சக்கரத்தில் மாட்டி நசுங்கிப்போனது. இதை அப்பா உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். அவர் செய்தது தப்பு என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன், தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். வெல்டர் வீட்டில் அந்தத் தம்பியைப் பிள்ளை மாதிரி வளர்த்தார்கள் என்பதும் உனக்குத் தெரிந்ததுதான்.

மறுநாள் மத்தியானம் அப்பா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். சின்னதுகள் இரண்டும் நீ அனுப்பிய வாட்டர்கலர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னறையில் வரைந்துகொண்டிருந்தன. தரையில் விரித்தால் மிதித்து நாசம் பண்ணுகிறார்கள் என்று தாள்களை வாசற்கதவின் உள்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுவது என் வழக்கம். தண்ணீர் கூடிப்போனால் நிறம் கீழே வழியும், அதைப் பார்ப்பதில்தான் அதுகளுக்கு ஆனந்தம். “உன் மரம் சளி மாதிரி ஒழுகுதுடா” என்று நம் வாலுப்பெண் கிண்டல் பண்ண, “மரமில்ல, அது அப்பா லாரி, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா” என்று சின்னவன் பிரஷ்ஷை அவள் மூஞ்சியில் உதறினான். ஈரம் காய்ந்த தாள் சுருண்டு குழல் மாதிரி ஆகிவிடும், உன் தங்கை அதைக் குப்புறப் போட்டு, பழைய துணி ஒன்றை மேலே விரித்து, ஊர்த்துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியாலேயே அழுத்தித் தட்டையாக்கிக் கொடுப்பாள். அப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் கதவை உடைப்பதுபோல் இடித்தார்கள். யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது, அப்பாவை எழுப்ப உள்ளே ஓடினேன். கதவு அதிர அதிரச் சின்னவனின் லாரி பக்கவாட்டில் வழிந்து, பச்சையெல்லாம் வாலுவின் வானத்துக்குள் இறங்கிவிட்டது. அவனுக்கு வந்ததே கோபம், முக்காலியை இழுத்துப்போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டான். “தட்டாதீங்க மாமா, என் படம் ஓடுது” என்று அவன் அதட்டியது உள்ளே எனக்குக் கேட்டது. “எங்கடா உங்கப்பன்” என்று வெல்டர் கேட்க, “உள்ள தூங்குறாரு, மெதுவா பேசுங்க” என்று பதில் சொல்கிறான் நாலு வயதுப் பிள்ளை. வேறு எந்த வீட்டிலாவது படம் அழிகிறதே என்று கொலைகாரனுக்குக் கதவைத் திறந்துவிடுவார்களா சொல்.

அவரோடு இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். தண்ணீர் வைத்திருந்த டம்ளர்களை உதைத்துக்கொண்டு வந்தார்கள், தரையெல்லாம் கலர் தண்ணீர். அரைத்தூக்கத்தில் எழுந்துவந்த அப்பாவின் தோளில் இரும்புக் கம்பியால் ஒன்று விழுந்தது, மூட்டு இறங்கிவிட்டது. அடுத்தது தலைக்கு வந்தது. நான் கையை நீட்டினேன். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம், அது என் எலும்பு என்று எனக்கு உடனே உறைக்கவில்லை. கீழே விழுந்தவரை மூன்று பேரும் வயிற்றிலும் முகத்திலும் மிதித்தார்கள், அவர் பல் ஒன்று தெறித்து வாலுவின் கால் அருகே வந்து விழுந்தது. வெல்டர் மறுபடி கம்பியை ஓங்கினார். இந்த இடத்தில் எழுதமாட்டேன் என்று உன் தங்கை பேனாவை மூடி வைத்துவிட்டாள். எழுதுடி, உன் அண்ணனுக்குத் தெரியட்டும் என்றேன். அன்று அவள் ஒரு சத்தமும் போடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், ஒயர் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டது, கொதிக்கக் கொதிக்க வெல்டரின் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். எடுக்கவேயில்லை. நான்தான் விடுடி விடுடி என்று கத்தினேன். பெட்டியை எடுத்தபோது தோலும் கூட வந்தது. கூட வந்தவர்கள் அவரை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள், அவர் அலறல் தெருக்கோடி வரை கேட்டது. போலீஸ் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனது, இன்னும் தரவில்லை, ஊராருடைய சட்டைகள் கசங்கியபடி கிடக்கின்றன. அந்தப் பேட்டை இன்ஸ்பெக்டரின் பேன்ட்டும் அந்த மூட்டையில்தான் இருக்கிறது, அவர் கசங்கலோடு போகட்டும்.

ஆக அப்பா அடிபட்டது மட்டும் நடக்கவில்லை. அவர்கள் பக்கம் ஒரு கால் போய்விட்டது, ஒரு முகம் வெந்துவிட்டது. நீ வந்து செய்ய எதை மிச்சம் வைத்திருக்கிறோம்?

இனிமேல்தான் நான் இந்தக் கடிதத்தைத் தொடங்கிய விஷயம். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அப்பா உன்னிடம் பேசியபோது போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார், சின்னவன் என் மடியில் இருந்தான். “நான் வந்து அவன் கண்ணத் தோண்டாம விடமாட்டேன்” என்று நீ கத்தினாய். நீ போனை வைத்த பிறகு அவன் என்னைப் பார்த்து “எந்தக் கண்ணு?” என்று கேட்டான். பேசாமல் படு என்றேன், புத்தி கெட்டவள், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் வெல்டரின் மனைவி மேலே ஏறி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், பிள்ளையை விட்டுப்போக வேறு இடம் இல்லை. “பெரியவங்க சண்டை அதுக்கு என்ன தெரியும்க்கா, படம் வரையணும்னு அழுவுது” என்றாள். நம் சின்னதுகள் முட்டைக்கண்ணி என்று கூப்பிடுமே, அந்தப் பெண்தான். நானும் உள்ளே கூப்பிட்டு இடது கையாலேயே ஒரு தாளை ஒட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. நான் தண்ணீர் மாற்றத் திரும்பினேன், சின்னவன் பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்துக் காம்பால் அவள் கண்ணில் குத்திவிட்டான். அவள் முகத்தைத் திருப்பியதால் இமைக்குக் கீழே இறங்கியது. ரத்தம் அவள் ஈரத் தாளில் விழுந்து நீலத்தோடு கலந்து ஓடியது, அவள் அதையும் கலர் என்று நினைத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள், அப்புறம்தான் அழுதாள். தையல் போட்டிருக்கிறார்கள், கண்ணுக்கு ஒன்றும் இல்லையாம், நூலிழையில் தப்பியது. அவனைப் பிடித்து உலுக்கி ஏண்டா என்று கேட்டேன். “நான்தானே கதவத் தொறந்தேன், அதான் அண்ணன் வர்றதுக்கு முன்னாடி நானே பண்ணிட்டேன்” என்றான். வெல்டரின் மனைவி சண்டை போடவில்லை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு “உங்க வீட்ல எல்லாருக்கும் கைதான் பேசுமாக்கா” என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கினாள். எனக்கு எலும்பு முறிந்தபோதுகூட அப்படி வலிக்கவில்லை.

நீ என்மேல் கோபப்படு, அப்பாமேல் கோபப்படு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. ஹோட்டல் அடுப்படியில் பதினான்கு மணி நேரம் நின்று எங்களுக்காக உழைக்கிறவன், உன் ரத்தம் கொதிக்காதா. ஆனால் இங்கே யார் கண்ணையும் தோண்ட நீ வரவேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, என்னைக் கேட்காதே, அப்பாவைக் கேட்காதே, சின்னவனைக் கூப்பிடு. அண்ணன் சொன்னது தப்புடா என்று அவன் காதில் சொல். கதவைத் திறந்தது அவன் குற்றமில்லை என்றும் சொல். கோபம் ஆறாவிட்டாலும் சொல், பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல். நாங்கள் சொல்லிப் பார்த்துவிட்டோம், அவன் கேட்கவில்லை. அண்ணன் வந்து என்னைத் தூக்கிக்கப் போறான் என்று தினமும் தலை சீவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான்.

நேரத்துக்குச் சாப்பிடு, கொதிக்கிற எண்ணெய் பக்கம் கவனமாக நில். நீ நீண்ட ஆயுளோடு, யாருக்கும் பயப்படாமலும் யாரையும் பயமுறுத்தாமலும் இருக்கவேண்டும். போன் பண்ண மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா